உங்களைக் கூப்பிட்டது யார்

ஓடுகிறோம். வியாழக்கிழமை. 1990 ஆகஸ்ட் இரண்டு. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. குவைத் நகரம். கடலோர அரண்மனைப் பக்கமிருந்து சத்தம். முதலில் கடை ஷட்டரை ஓங்கி இழுத்து விட்டது போல. பிறகு நிற்காமல் படபடவென்று. தலைக்கு மேல் ஹெலிகாப்டர். தாழ்வாக. கண்ணில் மணல்.

"பாய், படுங்க! செவத்தோரமா படுங்க!"

கத்தியவன் செல்வராஜ். புதுக்கோட்டைப் பக்கம். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். நான் அதிராம்பட்டினம். கஃபட்டீரியாவில் டீ போடுகிறவன். இருவரும் ஒரே ரூம். அன்று டூட்டிக்குப் போக அவன் லாரியில் ஏறியிருந்தேன். எதிரே டாங்கி வந்தது. லாரியை நடுரோட்டில் விட்டு இறங்கினோம். ரூம்வரை ஓட்டம்தான்.

ரூமில் மூன்றாவது ஆள் உஸ்மான். சூடான்காரர். ஊரில் வாத்தியார். போன வருடம் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தப்பி வந்தவர். இங்கே ஒரு கேரேஜில் கணக்கு எழுதினார். நாங்கள் அவரை உஸ்தாத் என்போம். அவர் பேசுவது அரபி. செல்வராஜுக்கு நான்தான் தமிழில் சொல்வேன்.

அவர் ரேடியோவுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். குவைத் இளைஞர்கள் புரட்சி செய்துவிட்டார்களாம். அரசைக் கவிழ்த்துவிட்டார்களாம். அவர்கள் கேட்டதால் ஈராக் படை உதவிக்கு வந்ததாம்.

உஸ்தாத் ரேடியோவை அணைத்தார்.

"பொய். எனக்குப் பதிமூன்று வயதில் சூடானில் முதல் கவிழ்ப்பைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் போய் மூன்று வருடம்கூட ஆகவில்லை. அவன் பாராளுமன்றத்தைப் பேருக்குக் கட்டினான். பட்டாளத்தை உறுதியாகக் கட்டினான். எங்கள் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அதிகாரிகளிடமே போய் நின்றார்கள். தெற்கே சண்டை. ஊரில் ரொட்டி விலை. நாடே தன்னால்தான் நிற்கிறது என்று பட்டாளத்துக்காரனுக்குத் தோன்றிவிட்டது. வெளியே இருந்து தட்டிக்கொடுக்கவும் ஒருவன் இருப்பான். ஆனால் கவிழ்க்கிறவன் வருவது உள்ளூர் முகாமிலிருந்து. உடனே ரேடியோவில் தன் பெயரைச் சொல்வான். இந்த டாங்கிகள் எல்லையிலிருந்து வருகின்றன. கவிழ்த்தவனுக்குப் பெயரே இல்லை."

தமிழில் சொன்னேன். செல்வராஜ் ஜன்னலைச் சாத்தினான்.

"இதெல்லாம் வெளிய பேச வேணாம்னு சொல்லுங்க பாய்."

சொன்னேன். அவர் தலையாட்டினார்.

சில நாளில் ரேடியோவில் புரட்சி அரசு ஆட்களின் பெயர்கள் வந்தன. என் கஃபட்டீரியாவுக்கு வந்த குவைத்காரர்களிடம் கேட்டேன். யாருக்கும் அந்த ஆட்களைத் தெரியவில்லை. சிலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு டீயை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் புரட்சி அரசும் இல்லை. குவைத் இனி ஈராக்கில் சேர்ந்தது என்று அறிவிப்பு.

அதற்குள் செல்வராஜின் லாரியைப் படை எடுத்துக்கொண்டது. அவனையும் சேர்த்துத்தான். முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். செக்போஸ்டில் அவனை நிறுத்துவதில்லை. கையசைத்து விடுகிறார்கள். எங்களுக்கு மட்டும் சோதனை. என்னிடமும் கஃபட்டீரியாவை மூடக்கூடாது என்றார்கள். சிப்பாய்கள் வருவார்கள். டீ குடிப்பார்கள். பேச்சுக் கொடுப்பார்கள். நான் சிரித்து வைப்பேன். வேறு வழியில்லை.

ரொட்டிக் கடை வரிசை. வெயில் ஏறுகிறது. நாங்கள் மூவரும் நிற்கிறோம். ஒரு அதிகாரி வரிசை நெடுக நடக்கிறார். குவைத் மக்கள் கூப்பிட்டார்கள், வந்தோம், பயப்படாதீர்கள் என்கிறார். நல்ல மாதிரிதான் பேசுகிறார்.

உஸ்தாத் கேட்கிறார். சத்தம் போடவில்லை. வகுப்பில் கேட்பது போல.

"உங்களைக் கூப்பிட்டது யார்?"

அதிகாரி அவரைப் பார்க்கிறார். மேலும் கீழும் பார்க்கிறார். போய்விடுகிறார். பெயர் கேட்கவில்லை. அடையாள அட்டை கேட்கவில்லை.

மறுநாள் மதியம் சிப்பாய்கள் ரூமுக்கு வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். "உஸ்மான், சூடானி, உஸ்தாத்" என்றார்கள்.

உஸ்தாத். அந்தப் பெயர் அவருடைய கேரேஜில்கூடத் தெரியாது. நாங்கள் இரண்டு பேர்தான் அப்படிக் கூப்பிடுவோம்.

செருப்பைப் போட்டுக்கொண்டார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. அவ்வளவுதான். ஜீப் போகும் சத்தம் கேட்டது.

நான் செல்வராஜைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து ரூமில் பேச்சில்லை. அவன் சாப்பாட்டை அவன் தனியாகச் சமைத்தான். நான் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவனை ஏன் செக்போஸ்டில் விடுகிறார்கள்? படுத்தால் இதே கேள்வி.

இரண்டு முறை உஸ்தாதை விசாரிக்கப் படை முகாமுக்குப் போனேன். முதல் முறை "மாஃபி", அப்படி ஆள் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை நீ அவனுக்கு யார் என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பரில் கிளம்பினோம். அவனும் நானும் ஒரே பஸ். கிடைத்தது அதுதான். பாஸ்ரா. பாக்தாத். பிறகு ஜோர்டான் எல்லைப் பாலைவனம். கூடாரங்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள். தண்ணீர் லாரி வந்தால் அடிதடி. "தள்ளாதீங்க! கொழந்த கீழ கெடக்கு!" என்று யாரோ தமிழில் கத்துகிறார்கள். செல்வராஜ் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து குழந்தையைத் தூக்கினான். எனக்கும் ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்டான்.

"பாய், ஒண்ணு கேக்குறேன். அவனுங்களுக்கு டீ குடுத்தப்ப உஸ்தாதப் பத்தி எதாச்சும் வாயில வந்துச்சா?"

நான் அவனிடம் கேட்கச் சேர்த்து வைத்திருந்த கேள்வி அது.

"இல்லை. நீ?"

"சத்தியமா இல்ல."

இருவரும் தண்ணீர் குடித்தோம். நான் அவனை நம்பவில்லை. அவன் என்னை நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது.

அம்மானிலிருந்து விமானம். பம்பாய். வெளியே வந்ததும் அவன் பையைத் தோளில் மாட்டினான். "வரேன் பாய்" என்றான். ஊர் விலாசம் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

குவைத் விடுபட்ட பிறகு திரும்பிப் போனேன். கேரேஜ் எரிந்து கிடந்தது. சூடான் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். உஸ்மானைப் பிறகு பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. இன்றுவரை தகவல் இல்லை.

போனவை இவை. கஃபட்டீரியா. ஒன்பது வருட வேலை. ஒரு மனிதர், உஸ்மான்; உயிரோடா இல்லையா தெரியாது. ஒரு நண்பன், செல்வராஜ். அவன் புதுக்கோட்டையில் நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. அவனையும் இதில்தான் சேர்த்திருக்கிறேன்.