ஓர் இழை இறக்கம்

காஞ்சிபுரம் என்று சொன்னதுமே எல்லோரும் பட்டுப்புடவை விலை கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, டாக்டர். அதற்காகவே உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. வெளியே உட்கார்ந்திருக்கும் என் மனைவி ஜெயப்ரியா எப்போதிலிருந்து பேசுவதில்லை என்றுதானே கேட்டீர்கள்? அதை ஒரு பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். செவிலிமேட்டில் வீடு. மாடியறைச் சுவரெல்லாம் மெத்தை அடித்து, ஒரு மைக் வைத்து, ப்ரியா பாடுவதைப் பதிவு செய்வேன். கச்சபேஸ்வரர் கோயிலில் அவள் தேவாரம் பாடினால், செருப்பு மாட்டப் போனவர்கள் திரும்பி உள்ளே வருவார்கள். ஆனால் என் கம்ப்யூட்டர் திணறும். குரலுக்கு மெருகேற்றினால் அது ஹெட்போனுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும். தன் குரலே தன்னைத் துரத்துவதுபோல் இருக்கிறது என்பாள்.

அதற்காக வாங்கியதுதான் அந்தப் பெட்டி, ஆடியோ ப்ராசஸர். செங்கல் அளவுதான் இருக்கும். ஒலியை மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. கம்ப்யூட்டருக்கும் சுமை இல்லை. குரல் மைக்கில் பட்ட அதே கணம் மெருகேறிக் காதுக்கு வந்துவிடும். முதல் நாள் அவள் பாடப் பாட நான் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தேன். ஒரு வரி கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, அடுத்த வரி ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து வந்தது. இருவரும் சிரித்துச் சிரித்துச் சாப்பாட்டையே மறந்தோம்.

அந்தப் பதிவுகளில் ஒன்றை அவள் தம்பி வேல்முருகன் சென்னையில் ஓர் இசையமைப்பாளருக்கு அனுப்பிவிட்டான். அவர் நேரில் வந்து பாடிக் காட்டச் சொன்னார். வீடே குதித்தது. நானும் ஓடிப்போய் இனிப்பு வாங்கினேன். திரும்பி வரும் வழியில்தான் யோசித்தேன். போகிறவள் வீட்டுக்குத் திரும்பி வருவாள். என் மாடியறைக்கு வருவாளா?

அந்தப் பெட்டியில் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி உண்டு. அவள் ஹெட்போனுக்குப் போகும் குரலை மட்டும் ஓர் இழை இறக்கினேன். ஓர் இழைதான். தான் இறங்கிப் பாடுவதாக நினைத்து அவள் தானாகவே ஏற்றிக்கொண்டாள். ஹெட்போனில் எல்லாம் சரியாகக் கேட்கும். பதிவாவதோ அவள் ஏற்றிப் பாடிய குரல்; அதைப் போட்டுக் காட்டினால் சுருதி விலகி நிற்கும்.

“ஹெட்போன்ல சரியாத்தாங்க இருந்துச்சு,” என்றாள்.

“நீ டென்ஷனா இருக்கிறம்மா. இன்னொருக்கா பாடு,” என்றேன்.

கோயில் தேர் முதன்முதலாக அசையும்போது கூட்டமே ஆர்ப்பரிக்குமே, அப்படி இருந்தது எனக்கு. விரல் நுனியால் தொடுகிறேன், அவ்வளவு பெரிய குரல் எழுந்து நகர்ந்து நிற்கிறது. அதன் பிறகு சில நாள் இறக்கினேன், சில நாள் ஏற்றினேன், சில நாள் சும்மா விட்டேன். சும்மா விட்ட நாட்களிலும் அவள் தவற ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாடி முடித்ததும் என் தோளில் சாய்ந்து அழுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவு ஒட்டுதலாக இருந்ததே இல்லை.

காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார். அதைக் கேட்டபின் இன்னும் பயந்துபோனாள்.

சென்னைக்கும் நான்தான் அழைத்துப் போனேன். அங்கே என் பெட்டி இல்லை, அதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு வரி பாடுவாள், நிறுத்துவாள், ஸ்டூடியோ கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, “சரியா இருக்குதாங்க?” என்பாள். சரியாகத்தான் இருந்தது. கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. நான் மெல்ல, இல்லையென்று தலையசைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் அசைத்தேன். கடைசியில் அவளால் ஆரம்பிக்கவே முடியவில்லை. இசையமைப்பாளர் காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு பாட்டு நின்றது. அடுத்து, பேசும்போதும் தன் குரல் சரியா என்று கேட்கத் தொடங்கினாள். காய்காரரிடம் கத்தரிக்காய் கேட்டுவிட்டுக்கூட என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். போன வாரம் வேல்முருகன் வந்திருந்தான். “எந்நேரமும் பாடிக்கினே இருந்தவ மாமா. என்னாதான் ஆச்சு அவளுக்கு?” என்று அழுதான். இங்கே அழைத்து வரச் சொன்னது அவன்தான்.

நான்தான் செய்தேன், டாக்டர். வேண்டுமென்றே, பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஆனால் நாங்கள் கஷ்டப்படுவதாக நினைத்துவிடாதீர்கள். தினமும் மாடியறையில் அவளுடைய பழைய பதிவுகளைப் போடுவேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அவளுக்கும் அப்படித்தான் இருக்கும். இல்லையென்றால் சொல்லியிருப்பாளே.