பத்திலிருந்து ஒன்று வரை சத்தம் கூடாது

என் பெயர், கணவர் பெயர், விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் உள்ளபடி சரியானவை. எனக்கு வயது நாற்பத்தாறு. ஆற்றங்கரைத் தெருவின் மேல்கோடியில் இருபத்திரண்டு வருடமாக மாவு மில் நடத்தி வருகிறேன். மில்காரம்மா என்றால்தான் ஊரில் தெரியும். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுதவும் படிக்கவும் தெரியும். என் கணவர் வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் மேஸ்திரி. மாதம் ஒருமுறை வருவார். எங்கள் வீட்டை ஒட்டிய பாதியில் அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், தனியாக இருக்கிறாள். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. ஆற்றோரத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறாள். வீட்டுக்கு நடுவில் எழுப்பிய சுவர் சம்பந்தமாக எனக்கும் அவளுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. இதை யாரும் கேட்கவில்லை. நாளைக்கு வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருடம் முதல் எங்கள் ஊர்ப் படித்துறையில் சுற்றுலாக் கப்பல் ஒன்று வியாழனும் ஞாயிறும் காலை பத்து மணிக்கு வந்து நின்று, ஒரு மணிக்குப் புறப்படுகிறது. நாற்பது ஐம்பது வெளிநாட்டுக்காரர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், வழிகாட்டியோடு இறங்கி ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள். கப்பலில் கொடுக்கும் தாளில் எங்கள் ஊரை அமைதியான கிராமம் என்று போட்டிருக்கிறார்களாம். முதல் மாதம் வந்த சிலர், மில் சத்தமும் பட்டறைச் சத்தமும் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று குறைப்பட்டார்களாம். அதன் பிறகு பெயிண்ட் கடைக்காரர் தலைமையில் வரவேற்புக் குழு என்று ஒன்று ஏற்பட்டது. கப்பல் நிற்கும் மூன்று மணி நேரமும் மில், பம்பு செட், பட்டறை, டி.வி., ரேடியோ எதுவும் ஓடக் கூடாது, யாரும் கத்திப் பேசக் கூடாது, தெருவில் வண்டி வரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். வண்டிகளை எல்லாம் தெருக்கோடியில் இருக்கும் பழைய கிடங்குக்குள் விட்டு, வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். வண்டிச் சாவிகள் குழு அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் ஆணியில் தொங்கும். அறைச் சாவி, பெட்டிச் சாவி, சங்கிலிச் சாவி மூன்றும் பெயிண்ட் கடைக்காரர் இடுப்பில் இருக்கும். கப்பல் தொடர்ந்து வந்தால்தான் இடிந்த படித்துறையைக் கட்டித் தருவார்கள் என்று சொன்னதால் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

இது போதாது என்று ஆளுக்கொரு வேலையும் கொடுத்தார்கள். வெல்டிங்காரரை வாசலில் உட்கார்ந்து கூடை பின்னச் சொன்னார்கள். அவருக்குக் கூடை பின்னத் தெரியாது. சந்தையில் வாங்கிய ஒரு கூடையின் மேல்பாதியைப் பிரித்து வைத்துக்கொண்டு வாரம் இரண்டு தடவை அதையே பின்னுவார், கப்பல் போனதும் திரும்பப் பிரித்துவிடுவார். எனக்கு எங்கிருந்தோ ஒரு கல் திருகையைக் கொண்டுவந்து மில் வாசலில் போட்டார்கள். பத்து குதிரைச்சக்தி மோட்டாரைப் பூட்டி வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து நான் கையால் திருகை சுற்ற வேண்டும். கப்பலில் வருகிறவர்கள், குழுவின் பேச்சில் விருந்தாளிகள், படம் எடுப்பார்கள். எங்கள் வீட்டுச் சமையலறைக்குள்கூட இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை.

போன மாதக் கடைசி வியாழக்கிழமை வழக்கம்போல் பத்து மணிக்குக் கப்பல் வந்தது. நான் திருகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பத்தே முக்கால் இருக்கும், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தானும் திருகையைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மாதிரிதான். எனக்கு அவர் மேல் எந்த விரோதமும் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அப்போது பால்காரர் சந்து வழியாக வேகமாக நடந்து வந்தார். ஓடவில்லை, ஓடக் கூடாது என்பதும் ஒரு விதி. என் காதருகில் குனிந்து, "உங்க நாத்தனாரைப் பாம்பு கடிச்சிருச்சு, வலது கால்ல, கண்ணாடி விரியன் மாதிரி இருக்கு" என்று ரகசியம்போல் சொன்னார். பாம்பு கடித்ததைக்கூட எங்கள் ஊரில் அன்றைக்கு ரகசியமாகத்தான் சொல்ல முடிந்தது. இதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி ஏட்டையாவிடம் சொன்னேன்.

அதன் பிறகு நான் எழுந்து சந்துக்குப் போனேன். பால்காரரும் அவர் மனைவியும் அவளைத் தோட்டத்திலிருந்து தூக்கி வந்து சந்து முனையில், விருந்தாளிகள் கண்ணில் படாத இடத்தில், சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கணுக்காலுக்கு மேல் இரண்டு பல் பதிந்திருந்தது. கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்து, "அண்ணி, வண்டி இருக்கா?" என்று கேட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. இருக்கிறது என்றேன்.

என் மில்லுக்கு ஒரு சிறிய சரக்கு வண்டி உண்டு, நானே ஓட்டுவேன், உரிமம் இருக்கிறது, நகல் கொடுத்திருக்கிறேன். ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிடம். ஆனால் வண்டி கிடங்கில், சாவி பெட்டியில். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வேறு ஊரில் இருக்கிறது, வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆற்றைக் கடக்க இருக்கும் துறைப் படகும் எஞ்சின் வைத்தது என்பதால் ஆற்று வளைவுக்கு அப்பால் கட்டப்பட்டிருந்தது. குழு அறைக்குப் போனேன், பூட்டியிருந்தது. பெயிண்ட் கடைக்காரர் கப்பல் வரும் நாளில் கேப்டனோடு கப்பலிலேயே சாப்பிடுவார். அவருக்குத் தொடர்ந்து போன் அடித்தேன். ஏழு தடவை எடுக்கவில்லை. எட்டாவது தடவை, பதினொன்று இருபதுக்கு, எடுத்தார். விவரம் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: "விருந்தாளிங்க தெருவுல இருக்காங்கம்மா. இப்ப வண்டியைக் கிளப்பினா இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் வீணாப் போயிடும். கால்ல இறுக்கிக் கட்டுப் போட்டு நிழல்ல உக்கார வை. தோட்டத்துப் பாம்புக்கெல்லாம் விஷம் இருக்காது. அரை மணியில வந்துடறேன்."

அவரை அண்ணே என்று கூப்பிட்டுத்தான் கெஞ்சினேன். போனை வைத்துவிட்டார். அதன் பிறகு பால்காரரைக் கப்பலுக்கு அனுப்பினேன். காவலாள் அவரை ஏற விடவில்லை. உள்ளே சாப்பாடு நடக்கிறது, முடிந்ததும் சொல்கிறேன் என்றாராம். இதை நான் நேரில் பார்க்கவில்லை. பால்காரர் திரும்பி வந்து சொன்னது. அப்போது மணி பதினொன்று நாற்பது.

இங்கே இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். பூட்டை உடைக்கத் துணிந்த நான் ஏன் பதினொரு மணிக்கே உடைக்கவில்லை என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்கிறேன். நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். தெருவில் விருந்தாளிகள் இருந்தார்கள். ஊருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம், கால் கண் முன்னால் வீங்கிக் கறுத்துக்கொண்டிருக்க, நான் குரலைத் தாழ்த்திப் பெயிண்ட் கடைக்காரருக்குப் போன் செய்துகொண்டும் ஆள் அனுப்பிக்கொண்டும் இருந்தேன். என் மேல் எழுதியிருக்கும் குற்றங்களில் இது இல்லை. நான் செய்த குற்றம் இது ஒன்றுதான்.

அதன் பிறகு மில்லுக்குள் போய் ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்து வந்து, குழு அறைப் பூட்டைத் தெரிந்தே உடைத்தேன். மூன்றாவது அடியில் விழுந்தது. மரப்பெட்டியின் மூடியையும் உடைத்து என் சாவியை மட்டும் எடுத்தேன். மற்றவர்கள் சாவி எதையும் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி போட்ட படம் உடைந்தது என்று புகாரில் இருக்கிறது. அது அதிர்வில் தானாக விழுந்தது. பெயிண்ட் கடைக்காரரும் கேப்டனும் கை குலுக்கும் படம். விழுந்ததில் எனக்கு வருத்தமில்லை.

பின்னர் கிடங்குக்குப் போனேன். அந்தச் சங்கிலிப் பூட்டு எடைக்கல்லுக்கு அசையவில்லை. எதிர் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்த வெல்டிங்காரரைப் பார்த்து, அண்ணே, அறுத்துக் கொடுங்க என்றேன். அவரைச் சுற்றி ஏழெட்டு விருந்தாளிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடையைத் தரையில் வைத்தார். பட்டறைக் கதவைத் தூக்கி, கட்டிங் மெஷினை எடுத்து வந்து, ஒயரை இழுத்துப் போட்டு, அவர்கள் முன்னாலேயே சங்கிலியை அறுத்தார். தீப்பொறி பறந்தது. விருந்தாளிகள் அவர் கூடை முடைகிற படத்துக்குப் பிறகு இந்தப் படத்தையும் எடுத்திருப்பார்கள். வேண்டுமானால் வாங்கிப் பார்க்கலாம். அவர் செய்தது முழுக்க நான் சொல்லித்தான். அவர் பெயரை இந்த வழக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வண்டியைச் சந்து முனைக்குக் கொண்டுபோய், பால்காரர் மனைவியின் மடியில் நாத்தனாரின் தலையை வைத்து அவளைப் பின்னால் படுக்க வைத்தோம். அப்போது அவள் ஈறில் ரத்தம் கசிந்தது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். தெரு நடுவில் விருந்தாளிகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தெரு தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எல்லாரும் ஒதுங்கினார்கள். வெள்ளைத் தொப்பி அம்மாள் பின்னால் நகர்ந்தபோது சாக்கடை விளிம்பில் கால் தடுக்கி விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். வண்டி அவர் மேல் படவில்லை. நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, இல்லை என்கிறேன்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா கடித்த நேரத்தைக் கேட்டார். பத்து நாற்பது என்றேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். அங்கிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

இரண்டு மணி வாக்கில் வழிகாட்டி அந்த வெள்ளைத் தொப்பி அம்மாளையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட பிறகு அந்த அம்மாள் வராந்தாவில் என்னை அடையாளம் கண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். ஏன் அப்படி வண்டி ஓட்டினீர்கள் என்று கேட்கிறார் என வழிகாட்டி சொன்னார். நான் பாம்பு கடித்ததிலிருந்து சங்கிலி அறுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கை ரொம்ப வலிக்கிறதா என்றும் கேட்கச் சொன்னேன். நான் ஐந்து நிமிடம் பேசியதை வழிகாட்டி இரண்டு வரியில் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் சிரித்து, அடிபடாத கையால் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகு, அந்தப் பாஷை தெரிந்த நர்ஸ் ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, நீங்க பிரேக் பிடிக்கலைன்னு சொன்னதாவும், மன்னிச்சிடுங்கன்னு கேட்டதாவும்தானே அந்த வழிகாட்டி சொன்னாரு. பாம்பைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே" என்றாள். நான் வாசல் வரை ஓடினேன். வேன் போய்விட்டது.

ஐந்தாம் நாள் நாத்தனாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரம்மா தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் உயிரோடு இருக்கிறாள். மயக்கம் தெளிந்து போர்வை தட்டையாகக் கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. பிறகு, "அண்ணி, அந்த ஆளு அன்னைக்குக் கப்பல்ல என்னதான் சாப்பிட்டாராம்?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியைப் பெயிண்ட் கடைக்காரரிடம் விசாரணையில் கேட்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

பூட்டு உடைத்தது, சங்கிலி அறுத்தது, கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டி வெளிநாட்டு அம்மாளைக் காயப்படுத்தியது என்று என் மேல் புகார் கொடுத்திருப்பவர் அந்த அம்மாள் அல்ல, பெயிண்ட் கடைக்காரர். நான் ஆஸ்பத்திரியில் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன் என்று அதில் வழிகாட்டி சாட்சி சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, அதையே எழுதிக் கொடுத்தால் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனில் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த வாக்குமூலத்தை அந்த அம்மாளின் பாஷையில் வார்த்தைக்கு வார்த்தை மாற்றி அவருக்கு அனுப்ப வேண்டும். மாற்றி எழுதுகிறவர் அந்த வழிகாட்டியாக இருக்கக் கூடாது. என் நாத்தனாருக்கு ஒரு கால் இல்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் என் வாயால் சொன்னது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. எழுதி முடித்த பின் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பூட்டை உடைத்த இடத்தில் 'ஆத்திரத்தில்' என்று ஏட்டையா எழுதியிருந்தார், அடிக்கச் சொன்னேன். 'தெரிந்தே' என்று மாற்றப்பட்டது. அடித்தல் திருத்தல் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் நடந்தபடி நிஜம்.

(கையொப்பம்)