ஓரின் ராஜாவின் இரண்டு சாவுகள்

உங்கள் ஏட்டையாவின் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பத்து வாக்கியம் சொன்னால் அவர் மூன்றுதான் எழுதுகிறார். போன இரண்டு வாக்குமூலங்களிலும் அதுதான் நடந்தது. பிறகு நீங்கள் அந்த மூன்றை வைத்துக்கொண்டு 'முன்னுக்குப் பின் முரண்' என்கிறீர்கள். அதனால்தான் இன்று பேப்பரும் பேனாவும் கேட்டேன். பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருப்பவன் நான். எழுதுவது எனக்கு ஒரு கஷ்டமுமில்லை.

பெயர் இன்பமணி, வயது நாற்பத்து நான்கு, ஊர் பாளையங்கோட்டை. இதெல்லாம் உங்களிடம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். இல்லாதது வெல்மார் பற்றிய விவரம். நேற்று 'அந்த கேம்' என்று சொல்லும்போது நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். என் மனைவி ரீபாவும் இப்படித்தான் சிரிப்பாள். எனக்குப் பழகிப்போனது.

வெல்மார் கம்ப்யூட்டரில் விளையாடுகிற வெளிநாட்டு விளையாட்டு. அதில் நாம் ஊர் ஊராக அலையும் ஒரு சிப்பாய். சண்டை, பூதம், மந்திரம் எல்லாம் உண்டு, பையன்கள் அதற்காக விளையாடுவார்கள். நான் விளையாடியது அதில் கிடக்கும் எழுத்துக்காக. கல்வெட்டு இருக்கும், பழைய கடிதம் இருக்கும், படகுக்காரன் பாட்டு இருக்கும். ஏரிக் கோயில் சுவரில் ஒரு தீர்க்கதரிசனம் எழுதியிருக்கும்: 'நீரில் இறந்த ராஜா மூன்றாம் மழையில் வந்து வடக்கு வாசலைத் திறப்பான்.' வடக்கு வாசல் என்பது கடைசியில் வரும் பெரிய கதவு. விளையாட்டு வெளிவந்து நாலு வருஷமாகிறது. இதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை.

ராஜாவின் பெயர் ஓரின். மலையூரில் கிடைக்கும் நாளாகமத்தில், அதாவது ராஜாக்களின் வரலாற்று ஏட்டில், அவன் போர்க்களத்தில் வாள் வெட்டுப்பட்டுச் சாகிறான். படகுக்காரன் பாட்டில் அதே ராஜா ஆற்றில் மூழ்கிச் சாகிறான். வாளால் செத்தவன் என்றால் தீர்க்கதரிசனம் பொய், வாசல் திறக்கவே திறக்காது. அதனால் உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். வாள் கட்சி, ஆறு கட்சி. இரண்டு கட்சிக்கும் பொறுமை இல்லை. ஒருவன்கூட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை.

எனக்கு அந்தப் பழக்கம் சபையில் வந்தது. சிறுவயதில் வட்டார வேதப் போட்டியில் ஐந்து தடவை முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். வேதத்தில் ஒரே ஆள் ஓரிடத்தில் நான்றுகொண்டு செத்தான் என்றிருக்கும், இன்னோரிடத்தில் தலைகீழாக விழுந்து செத்தான் என்றிருக்கும். உடனே தப்பு என்று சொல்லக் கூடாது. நான்றுகொண்டான், கயிறு அறுந்தது, விழுந்தான். சேர்த்து வாசித்தால் இரண்டும் நிற்கும். எழுதப்பட்டதில் பிழை கிடையாது, வாசிக்கிறவனிடம்தான் பிழை. இதை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

ஓரின் ராஜாவையும் அப்படியே வாசித்தேன். வாள் வெட்டுப்பட்டான், ஆனால் உயிர் போகவில்லை. வீரர்கள் கேடயத்தில் கிடத்தி ஆற்று வழியாகக் கொண்டுபோனார்கள். வழியில் கேடயம் கவிழ்ந்தது. இதை நிரூபிக்க நாலு பெரிய நோட்டு எழுதினேன், யூடியூபில் அறுபத்து மூன்று வீடியோ போட்டேன். கீழே பையன்கள் என்ன எழுதுவார்கள் தெரியுமா? 'அண்ணாச்சி, இது சும்மா பக், கேம் செஞ்சவன் விட்ட தப்பு. விட்டுட்டு வேலையைப் பாருங்க.' கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிடுவேன். விட்டுவிடுவேன் என்று எழுதுகிறேன், உண்மையில் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

ஜெபஸ்டின் எங்கள் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திசையன்விளைக்காரர், முப்பது வயது, மனைவி பெர்லினோடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தார். வீட்டில் உட்கார்ந்து ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதித் தருகிறார் என்று மட்டும் தெரியும். சபைப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்தில், பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவருடையது. நான் எதிரே இருந்த வாலிபர் சங்கத்துப் பையன்களிடம் கேடயம் கவிழ்ந்ததை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கறிக்குழம்பைப் பிசைந்தபடியே பைய என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணாச்சி, அந்த நாளாகமத்தை எழுதுனது நான்தான்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"நெசமாத்தான் சொல்லுதேன். படகுக்காரன் பாட்டு எனக்கு முன்னால இருந்தவன் எழுதுனது. அவன் எழுதுனத நான் பாக்கல. அவசரம். ராஜா எப்படிச் செத்தான்னு யார்கிட்டயும் கேக்காம எழுதிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும்லா."

பையன்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அசனச் சோற்றை மிச்சம் வைத்து எழுந்தது என் ஆயுசில் அன்று ஒருநாள்தான்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை ஏட்டையா முதல் நாளே எழுதாமல் விட்டுவிட்டார். எழுதினவனுக்கே தான் எழுதியதன் பொருள் தெரியாமல் இருக்கலாம், அது சகஜம். கை அவருடையது, அவ்வளவுதான். அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன். நோட்டுகளையும் கொண்டுபோனேன். பெர்லின் காப்பி தந்தாள். அவர் மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டு முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அதே பேச்சுதான்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. ஆனா அது தப்புதான."

மூன்றாம் தடவை போனபோது இன்னொன்று சொன்னார். கம்பெனி முரண்பாடுகளையெல்லாம் பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறதாம். அடுத்த அப்டேட்டில் எல்லாவற்றையும் சரிசெய்வார்களாம். ஓரின் விஷயத்தில் படகுக்காரன் பாட்டை எடுத்துவிடுவதுதான் லேசு என்றார்.

"ஒரு பாட்டுதான அண்ணாச்சி. எடுத்துட்டா ஒருத்தருக்கும் குழப்பம் இருக்காது."

பாட்டு போனால் ஆறு போனது. ஆறு போனால் தீர்க்கதரிசனம் பொய். நாலு வருஷமும் நாலு நோட்டும் போனது. உலகத்தில் எல்லாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரே நாளில் அழிந்துவிடும், அப்படியொரு பாட்டு இருந்தது என்று நான் சொன்னால் பைத்தியம் என்பார்கள். எவ்வளவு கெஞ்சினேன் என்று பெர்லினிடம் கேளுங்கள். காலைத் தொடவில்லை, மற்றபடி எல்லாம் செய்தேன். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், யோசிக்கிறேன் என்றார்.

சனிக்கிழமை காலையில் அவரைப் பாபநாசத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். உங்களிடம் குளிக்கப் போனோம் என்றேன், அது பொய்யல்ல. ஆற்றை நேரில் பார்த்தால் அவருக்குப் புரியும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. என் பைக்கில்தான் போனோம். அம்பாசமுத்திரத்தில் இட்லி சாப்பிட்டோம். கோயில் படித்துறையில் கூட்டமாக இருந்ததால் மேலே தள்ளி நடந்தோம். அங்கே 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' என்று போர்டு இருந்தது. இருவரும் வாசித்தோம்.

பாறையில் உட்கார்ந்து நீரின் இழுப்பைக் காட்டினேன். வெட்டுப்பட்ட ஒருவனை இங்கே விட்டால் எங்கே போய்ச் சேருவான், படகுக்காரன் எங்கே நின்று பார்த்திருப்பான் என்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உங்கள விட்டா ராஜாவ உசுரோடயே கொண்டாந்திருவிய." சட்டையைக் கழற்றினார். "உங்களுக்கு ஒரு சமாச்சாரம் வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஒரு முங்கு போட்டுட்டு வந்து சொல்லுதேன்."

இறங்கும்போது பாசியில் கால் வழுக்கியது. அதைத்தான் முதல் வாக்குமூலத்தில் சொன்னேன்: வழுக்கி விழுந்தார். நடந்ததைத்தான் சொன்னேன்.

நீங்கள் என் மணிக்கட்டில் இருந்த நகக்கீறலைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டீர்கள். அப்போது சொன்னது இரண்டாவது: அவர் ஒரு கையால் பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்கினார், மறுகையை நான் பிடித்தேன், தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதுவும் நடந்ததுதான். தண்ணீர் இழுக்காமல் யார் இழுத்தார்கள்?

இன்று காலை நீங்கள் இரண்டு காகிதங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தீர்கள். ஒன்று பிரேதப் பரிசோதனை செய்த ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட். மற்றது ஜெபஸ்டின் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனிக்கு அனுப்பிய மெயில். அதை நான் இரண்டு தடவை வாசித்தேன். பாட்டை எடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். நாளாகமத்தையும் எடுக்க வேண்டாம், இரண்டும் நிற்கும்படி புதிதாக ஒரு கடிதம் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறார். காயம்பட்ட ராஜாவைக் கேடயத்தில் கிடத்தி ஆற்றில் கொண்டுபோன கதைதான் அந்தக் கடிதம். அதை எழுதும் மருத்துவனுக்கு இன்பமணி என்று பெயர் வைத்திருக்கிறார். வடக்கு வாசலும் இனித் திறக்குமாம். 'அண்ணாச்சிக்கு ரொம்ப சந்தோசமா இருக்கும்' என்று அன்று வீட்டில் சொன்னதாகப் பெர்லின் சொல்லியிருக்கிறாள்.

சந்தோஷம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் ராஜாவைக் கிழக்குக் கரையிலிருந்து கொண்டுபோனதாக இருக்கிறது. போர்க்களம் மேற்குக் கரையில் அல்லவா? முதல் நோட்டிலேயே வரைபடம் போட்டிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை காட்டியிருக்கலாம். இனி அதைத் திருத்த ஆள் இல்லை. அப்டேட் வந்துவிட்டதா என்றும் தெரியவில்லை, என் போன் உங்களிடம் இருக்கிறது. ஒரு தடவை பார்த்து, வாசல் திறந்ததா என்று மட்டும் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

இனி ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். இடது கையில் நாலு விரல் முறிந்திருக்கிறது, அது ஏன் என்று கேட்டீர்கள்.

அவர் கையை நான் கெட்டியாகப் பிடித்திருந்தேன். தூக்கியிருக்க முடியும், அவர் ஒல்லிதான். அப்போது கேட்டேன், லிஸ்ட்டை அனுப்பிவிட்டாயா என்று. "நேத்தே அனுப்பிட்டேன் அண்ணாச்சி, தூக்குங்க" என்றார். நான் கையை விட்டேன். அவர் பாறையை விடவில்லை. இடது காலால் அந்த விரல்களை மிதித்தேன். செருப்பு போட்டிருந்தேன், புதுச் செருப்பு. மிதித்த பிறகும் அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். இரண்டாம் தடவை மிதித்தபோது விட்டுவிட்டார். பிறகு அவர் குளிக்கக் கொண்டுவந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஆள் இருக்கும் பக்கம் ஓடிப்போய்க் கத்தினேன்.

இதை வாசித்ததும் நீங்கள் முதல் இரண்டு வாக்குமூலங்களையும் பொய் என்று அடிக்கப் போகிறீர்கள். தயவுசெய்து அடிக்க வேண்டாம், மேடம். அவர் வழுக்கினார். ஆறு இழுத்தது. நான் கொன்றேன். மூன்றையும் சேர்த்து வாசித்தால் எதிலும் பிழை இல்லை.