கடலுக்குத் தனி விலை

கடைக்காரர்: ...இல்லம்மா, ஃபோன்ல ஆடற ஆட்டத்தை ஏற்கெனவே வாங்கியாச்சு. இது அதுக்கு மேல ஒட்டு. எக்ஸ்பேன்ஷன்.

மனைவி: சட்டையை வித்துட்டு பொத்தானுக்குத் தனியா காசு கேக்கறான்னு சொல்லுங்க.

கடைக்காரர்: பொத்தான் இல்ல. கடல்.

மனைவி: என்னது?

கடைக்காரர்: கடல். என் நாட்டுக்குக் கிழக்கால நீலமா தெரியுது. பாக்கலாம், இறங்க முடியாது. காசு கட்டினா திறக்கும். கப்பல், துறைமுகம், அக்கரைச் சந்தை... எல்லாம் வரும்.

மனைவி: கடலுக்குப் பூட்டு போட்டு சாவி விக்கிறான். அவன் வியாபாரி. நீங்களும் இருக்கீங்களே, திரைச்சீலை வித்துக்கிட்டு. அந்த சாக்பீஸை எடுங்க, இந்த ஓரத்துக்குக் கோடு போடணும்.

கடைக்காரர்: இந்தா. தள்ளுபடி இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுது. வாங்கறதா, வேணாமா?

மனைவி: நம்ம வாசல்லயும்தான் 'இன்றே கடைசி'ன்னு துணி தொங்குது. எப்ப தொங்கவிட்டது அது?

கடைக்காரர்: ...அது வேற.

மனைவி: வெயில்ல வெளுத்து எழுத்தே போச்சு.

கடைக்காரர்: கிண்டலை விடு. ஆட்டம் வாங்கின விலையை விட ஒட்டுங்களோட விலை ஜாஸ்தி. அதான் யோசனை.

மனைவி: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கடைக்காரர்: அதேதான். மொத்தம் மூணு விக்கிறான். கடல், வாரிசு, முற்றுகை. சேர்த்து எடுத்தா விலை குறைப்பான். நேத்துலேர்ந்து ஒரு பெட்டி வேற மினுக்கிட்டே இருக்கு. பரிசாம்.

மனைவி: திறந்தீங்களா?

கடைக்காரர்: சும்மா தர்றேங்கிறவன்கிட்டதான் பையை இறுக்கிப் பிடிக்கணும். விளம்பரமா இருக்கும்.

மனைவி: சரி, சரக்கைக் காட்டுங்க. வாரிசுன்னா என்ன வரும்?

கடைக்காரர்: ராஜாவுக்கு வயசாகும். கல்யாணம், பிள்ளைங்கன்னு வம்சம் பெருகும். அவன் போனதும் அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டு நாட்டை...

மனைவி: நாட்டை?

கடைக்காரர்: ...ரெண்டா பிரிச்சுக்குவாங்க.

மனைவி: அதுக்கு எதுக்குங்க காசு? நமக்குத்தான் இலவசமாவே நடந்துச்சே. நடுக்கடையில பலகை அடிச்சு.

கடைக்காரர்: மெதுவா பேசு. பலகைக்கு அந்தப் பக்கம் காது இருக்கு.

மனைவி: உங்க அண்ணன் ஃபேன் ஓடற சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது. லாரி மாதிரி கடகடன்னு... சரி, முற்றுகை?

கடைக்காரர்: கோட்டைச் சுவரை இடிக்கிற பொறி கிடைக்கும்.

மனைவி: ப்ளைவுட்டுக்கு ஆகுமா?

கடைக்காரர்: நீ தையலைப் பாரு.

மனைவி: ஆகாதுன்னா அதுவும் வேணாம். மிச்சம் கடல். அது இல்லாம ஆட்டம் ஓடாதா?

கடைக்காரர்: ஓடும்.

மனைவி: பின்ன என்ன?

கடைக்காரர்: ஆட்டம் ஓடும்... ஆள் இருக்க மாட்டாரு.

மனைவி: எந்த ஆளு?

கடைக்காரர்: வடகரைக்காரர். சொல்லியிருக்கேன்ல? நடுவுல ஆறு. தென்கரை நான், வடகரை அவர். ஆத்துத் துறையில ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சந்தை. அவர்கிட்ட இரும்பு, என்கிட்ட தானியம். நான் கால் முறிஞ்சு படுத்தப்பலேர்ந்து அவரோடதான் வியாபாரம்.

மனைவி: ஏணியிலேர்ந்து விழுந்தீங்களே, அப்ப. நான்தானே ஃபோன்ல ஏத்திக் கொடுத்தேன்.

கடைக்காரர்: ஆமா. இப்ப அவர் கடல் பாகத்தை வாங்கிட்டாரு போல. தலைநகரத்தையே அக்கரைக்கு மாத்தறதுக்கு மூட்டை கட்டறாரு. அவர் போயிட்டா ஆத்துச் சந்தை மூடிடும். நான் யார்கிட்ட விக்கிறது?

மனைவி: அந்த உலகத்துல வேற ஆளே இல்லையா?

கடைக்காரர்: இருக்காங்க. சொன்ன விலையைக் கொடுத்துட்டு வாயைத் திறக்காம போயிடுவாங்க.

மனைவி: நல்லதுதானே. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி. தலைக்கு மேல என்னங்க போர்டு தொங்குது?

கடைக்காரர்: தெரியும்.

மனைவி: படிங்களேன்.

கடைக்காரர்: 'ஒரே விலை. பேரம் இல்லை.' போதுமா?

மனைவி: இங்க பேரம் இல்ல. அங்க?

கடைக்காரர்: அங்க... அங்க நான் நூறு மூட்டைக்கு அம்பது வண்டி இரும்பு கேட்டா, அவர் பதினஞ்சுன்னு போடுவாரு. நான் கோவிச்சுக்கிட்டு வண்டியைத் திருப்புவேன். கொஞ்ச தூரம் போகவிட்டு பதினெட்டுன்னு கூப்பிடுவாரு. நான் திரும்பியே பாக்க மாட்டேன். அப்புறம் இருபதுன்னு... ஒரு நாள் பூரா இழுப்போம்.

மனைவி: மூஞ்சியில வெளிச்சத்தைப் பாரு.

கடைக்காரர்: ஜன்னல் வெளிச்சம்.

மனைவி: ஜன்னல் உங்க முதுகுப் பக்கம் இருக்கு. அவரோட பேசுவீங்களா?

கடைக்காரர்: அதுல பேச்சு கிடையாது. எண்ணு மட்டும்தான். நான் ஒண்ணு போடுவேன், அவர் ஒண்ணு போடுவாரு.

மனைவி: நல்ல வசதி.

கடைக்காரர்: என்ன வசதி?

மனைவி: ஒண்ணுமில்ல. இந்த மடிப்பைக் கொஞ்சம் பிடிங்க... மூணு துறைமுகம் கட்டின மனுஷன் போகாம இருப்பாரா?

கடைக்காரர்: அதான் நானும்... இரு. மூணு துறைமுகம்னு நான் எப்ப சொன்னேன்?

மனைவி: சொன்னீங்களே.

கடைக்காரர்: அவர் எத்தனை கட்டினாருன்னு எனக்கே தெரியாது. காசு கட்டாதவன் கண்ணுக்குத் துறைமுகம் தெரியாது.

மனைவி: ...தூக்கத்துல சொன்னீங்க.

கடைக்காரர்: எனக்குத் தெரியாததைத் தூக்கத்துல சொன்னேனா?

மனைவி: முழிச்சுக்கிட்டு இருக்கும்போதே அப்படித்தானே சொல்வீங்க.

கடைக்காரர்: பேச்சை மாத்தாத. யார் சொன்னா?

மனைவி: இருங்க, நூல் அறுந்துபோச்சு.

கடைக்காரர்: மிஷினே ஓடல. நூல் எப்படி அறும்?

மனைவி: முதல்ல நீங்க சொல்லுங்க. முகம் தெரியாத ஒருத்தர் ஊர் மாறிப் போறாருன்னு உங்களுக்கு ஏன் சாப்பாடு இறங்கல?

கடைக்காரர்: நல்ல வாடிக்கை...

மனைவி: ஒரு வாடிக்கை போனா இன்னொண்ணுன்னு சொல்றவர் நீங்க. சொல்லுங்க.

கடைக்காரர்: அவர் ஒண்ணு பண்ணுவாரு.

மனைவி: என்ன?

கடைக்காரர்: இருபது வண்டின்னு பேரம் முடியும். இருபது வரும். எண்ணிப் பாத்துட்டுக் கதவைச் சாத்தப் போவேன். பின்னால தனியா ஒரு வண்டி வரும். நான் கேக்காதது.

மனைவி: கொசுறு.

கடைக்காரர்: கொசுறு. முதல் தடவை ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். அடுத்த தடவையும் வந்துச்சு. பேரத்துல ஆளை உரிச்சு எடுத்துட்டு, எல்லாம் முடிஞ்ச பிறகு சத்தமில்லாம ஒண்ணு கூடப் போடற ஆளு... உலகத்துல எத்தனை பேரு இருப்பாங்க?

மனைவி: துணியை அளந்து, அதுக்கு மேல நாலு விரல் விட்டு வெட்டற ஆளு.

கடைக்காரர்: ...ம்.

மனைவி: அந்த நாலு விரலுக்குக் காசு வாங்காத ஆளு.

கடைக்காரர்: ம்.

மனைவி: நீங்களும் அப்படித்தான் வெட்டறீங்க. போர்டு மாட்டின பிறகும். நான் கவனிச்சுட்டுதான் இருக்கேன்.

கடைக்காரர்: கை கேக்க மாட்டேங்குது.

மனைவி: அப்ப முதல் கொசுறுலேயே தெரிஞ்சுபோச்சு.

கடைக்காரர்: ரெண்டாவதுல.

மனைவி: உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.

கடைக்காரர்: எப்படி?

மனைவி: எவனும் என் கரையில கால் வைக்கக் கூடாதுன்னு ஆத்தோரம் படையை நிறுத்தியிருந்தீங்க. ஒரு நாள் பாத்தா படையைக் காணோம். வரிசையா மரம் நட்டு வெச்சிருந்தீங்க.

கடைக்காரர்: என் ஃபோனை எட்டி எட்டிப் பாக்கறியா?

மனைவி: தோள்ல தலை சாய்ச்சா கண்ணு வேற எங்கங்க போகும்?

கடைக்காரர்: ...சரி. இப்ப உன் முறை. மூணு துறைமுகம்.

மனைவி: அக்கா சொன்னாங்க.

கடைக்காரர்: எந்த அக்கா?

மனைவி: உங்க அண்ணி. 'அடுப்புல பால் பொங்கி வழியுது, இவரு துறைமுகத்துக்குக் கல்லு பத்தலைன்னு உக்காந்திருக்காரு'ன்னு ஒரே புலம்பல்.

கடைக்காரர்: அவங்களோட நீ பேசறியா?

மனைவி: பிரிஞ்சது நீங்க ரெண்டு பேரு. எங்களுக்கு நடுவுல யாரும் பலகை அடிக்கலையே.

கடைக்காரர்: அப்ப... அன்னிக்கு ஆட்டத்தை ஏத்தினப்ப, எந்த உலகத்துல சேரணும்னு ஒரு எண்ணை நீயே அடிச்சியே. நல்ல இடமாம்னு.

மனைவி: அக்கா கொடுத்த எண்ணு. உங்க கால் முறிஞ்சதைக் கேட்டு, அவர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாராம். உள்ள வர வழி தெரியாத மனுஷனுக்கு ஒரு ஆத்துத் துறையாவது இருக்கட்டுமேன்னு நாங்க ரெண்டு பேரும்...

கடைக்காரர்: வாசல் வரைக்கும் வந்தாரா?

மனைவி: ம்.

கடைக்காரர்: ஏன் உள்ள வரல?

மனைவி: நீங்க ஏன் கூப்பிடல?

கடைக்காரர்: அவர் சொன்னது மறந்துபோச்சா உனக்கு? கடை நிறைய ஆளு. போர்டைக் கழட்டிக் கீழ வெச்சுட்டு, 'பேசத் தெரியாதவன்தான் விலையை எழுதிப் போடுவான்'னாரு. சரி, எனக்குப் பேசத் தெரியாது. பேசல.

மனைவி: நீங்க என்ன சொன்னீங்க? அதையும் சொல்லுங்க. கணக்குன்னா ரெண்டு பக்கமும் வேணும்.

கடைக்காரர்: 'நீ துணியை விடப் பொய்யைத்தான் அதிகம் வித்திருக்கே'ன்னேன்.

மனைவி: நாலு விரல் விட்டு வெட்டற மனுஷனைப் பாத்து.

கடைக்காரர்: தெரியும்மா. சொல்லி முடிச்ச உடனே தெரியும். வாயிலேர்ந்து போனதை எங்க போய் வாங்கறது?

மனைவி: அதுக்கு ஒட்டு எவனும் விக்கல. கடலுக்குத்தான் விக்கிறான். வாங்குங்களேன்.

கடைக்காரர்: வாங்கி? கப்பலை விட்டுக்கிட்டு அவர் பின்னாலயே போறதா? தென்கரை நான்தான்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா, 'ஓடி வர்றான் பாரு'ன்னு நினைப்பாரு. தெரியலைன்னா அது இன்னும் மோசம்.

மனைவி: ஏன்?

கடைக்காரர்: இத்தனை நாளும் அந்தக் கொசுறு யாரோ ஒருத்தனுக்குப் போட்டதுன்னு ஆயிடும்ல... எனக்குன்னு நினைச்சு வாங்கி வெச்சிருக்கேன்.

மனைவி: அவருக்குத் தெரியுமான்னு அக்காவாலயும் கண்டுபிடிக்க முடியல. கேட்டா, 'தென்கரைக்காரன் நல்லா பேரம் பேசறான், யார் பெத்த பிள்ளையோ'ன்னு சொல்றாராம்.

கடைக்காரர்: நல்லா பேரம் பேசறேன்னா?

மனைவி: ஆமாங்க.

கடைக்காரர்: இன்னொரு தடவை சொல்லு.

மனைவி: ஏங்க...

கடைக்காரர்: என்ன?

மனைவி: ஃபேன்.

கடைக்காரர்: ஓடுதே.

மனைவி: நம்மளோடது இல்ல.

கடைக்காரர்: ...எப்ப நின்னுச்சு?

மனைவி: கொசுறுன்னு சொன்னப்பவே நின்ன மாதிரி இருந்துச்சு.

கடைக்காரர்: ஏன் அப்பவே சொல்லல?

மனைவி: நீங்க அவ்வளவு நல்லா பேசிட்டு இருந்தீங்க. நடுவுல எதுக்குன்னு...

கடைக்காரர்: சரி! கடல் விலை ஜாஸ்தி. நமக்குக் கட்டாது. வடகரைக்காரர் பழைய இடத்துலயே இருந்தா, மூட்டைக்கு விலை குறைச்சுத் தர்றதா உத்தேசம்.

மனைவி: யார்கிட்ட சொல்றீங்க?

கடைக்காரர்: உன்கிட்டதான்.

மனைவி: கையெட்டற தூரத்துல இருக்கேன். இவ்வளவு சத்தம் எதுக்கு?

பலகைக்கு அந்தப் பக்கம்: ...க்கும். கடலுக்குக் காசு கட்டாதடா.

மனைவி: பதில் சொல்லுங்க.

கடைக்காரர்: ...ஏன்?

பலகைக்கு அந்தப் பக்கம்: நேத்து அனுப்பினேன். இன்னும் திறக்கலைன்னே காட்டுது. பெட்டி மினுக்குதா, இல்லையா?

கடைக்காரர்: மினுக்குது... விளம்பரம்னு நினைச்சேன்.

பலகைக்கு அந்தப் பக்கம்: நினைப்பே. வியாபாரி வீட்டுப் பிள்ளை. திறடா.

மனைவி: இப்படிக் கொடுங்க ஃபோனை. ...திறந்தாச்சு. ஏங்க, கடல். முழுக் கடலும். அதோ துறைமுகம்... ஒண்ணு, ரெண்டு... மூணாவதுக்கு என்ன பேரு வெச்சிருக்காரு பாருங்க.

கடைக்காரர்: கண்ணு தெரியல. நீயே படி.

மனைவி: 'தென்கரைத் தம்பி'.

பலகைக்கு அந்தப் பக்கம்: ரெண்டு எனக்குப் போதும். அது கொசுறு.

கடைக்காரர்: அண்ணே.

பலகைக்கு அந்தப் பக்கம்: ம்.

கடைக்காரர்: எவ்வளவு ஆச்சு?

பலகைக்கு அந்தப் பக்கம்: உனக்கு எதுக்கு அது?

கடைக்காரர்: சும்மா வாங்கிப் பழக்கமில்ல. நூறு மூட்டை அனுப்பறேன்.

பலகைக்கு அந்தப் பக்கம்: வேணாம்.

கடைக்காரர்: நூத்திருபது. அதுக்கு மேல கட்டாது.

பலகைக்கு அந்தப் பக்கம்: டேய்... வாசலைச் சுத்தி இந்தப் பக்கம் வந்து, என்கூட உக்காந்து ஒரு டீ குடிக்கணும். ஒரே விலை. பேரம் இல்லை.