பூஜ்யத்தை நம்பாத சாராள் அம்மையாருக்கு

ஐயமே அணிகலனாய், அளவே ஆணையாய், தேர்வாய் கண்டிகை பேட்டரி ஆய்வகத்தில் பதினோராண்டு பணியாற்றி இன்று விடைபெறும் மூத்த பரிசோதகரே! முதுமையடைந்த பேட்டரி செல்லைப் பிரித்து, அது எதனால் தளர்ந்தது என்பதை அதையே சொல்ல வைத்த வித்தகரே! அன்போடு கொஞ்சம் அச்சமும் கலந்த எங்கள் வணக்கம்.

எதையும் எளிதில் நம்பியவரல்லர் நீங்கள். ‘இரண்டு வருடம் ஓடிய ஸ்கூட்டர் பேட்டரி’ என்று சீட்டு ஒட்டி வந்தால், அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பி, அடியில் வேறு சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். இருமுறை இருந்தது. செல்லின் எக்ஸ்ரே படம் பழுதின்றி வந்தால், “இவ்ளோ சுத்தமா ஏன் இருக்குது?” என்பீர்கள். கேன்டீன் டீ நன்றாயிருந்தாலும் அதே கேள்விதான். முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு ‘சி.பி.ஐ. அம்மா’ என்று பெயர் வைத்திருந்தோம். இன்று ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற ஏப்ரலில், மாலைக்குள் அறிக்கை கேட்டிருந்த ஒரு நாளில், மேலாளர் துளசிராமன் தாமே கட்டரைக் கையில் எடுத்தார். அறுக்கும் முன் செல்லின் சார்ஜை முழுதும் இறக்கிவிட வேண்டும் என்பது நம் முறை. மீட்டர் பூஜ்யம் காட்டியது. நீங்களோ அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டீர்கள்.

“சாராளம்மா, மீட்டரே ஜீரோன்னு சொல்லுது. அது மேலயும் டவுட்டா?”

“நேத்து வரைக்கும் வண்டி ஓட்டுன செல்லு சார். ஒரேயடியா செத்துப் போச்சுன்னா எனக்கு நம்பிக்கை வரல.”

“யம்மா, ஊட்ல குக்கரக்கூட இப்டித்தான் விசாரிப்பீங்களா?” என்று எங்களில் ஒருத்தியான பூமிகா சிரித்தாள்.

“வேணும்னே லேட் பண்றீங்கன்னு மேல எழுதிடுவேன்,” என்றார் மேலாளர்.

“எழுதிக்கோங்க சார். கட்டர கீழ வச்சிட்டு எழுதுங்க.”

அன்று நாங்கள் அவர் பக்கம்தான் நின்றோம். ஓய்வுக்கு முன் நீங்கள் வேண்டுமென்றே வீம்பு செய்வதாகச் சந்தேகப்பட்டோம். நீங்களோ செல்லின் மேல்மூடித் துளையில் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை விட்டு உள்தகட்டை அழுத்தினீர்கள். மீட்டர் 3.9 வோல்ட்டுக்குத் தாவியது. உள்ளழுத்தம் ஏறியதால், மூடிக்கும் செல்லின் உட்பகுதிக்குமான மின்தொடர்பு பாதுகாப்புக்காகத் தானாக அறுந்திருந்தது. வெளியே பூஜ்யம், உள்ளே ஏறக்குறைய முழுச் சார்ஜ். அதை அறுத்திருந்தால் கட்டரின் முனையிலேயே தீ பிடித்திருக்கும். உடனே நீங்கள், “அடுத்த செல்லு எங்க?” என்றீர்கள்.

அந்தச் செல் வந்த பெட்டியில் அப்படி இன்னும் நான்கு இருந்தன.

ஐயப்பட்டே எங்களைக் காத்தவரே! இனி உங்கள் நாட்கள் நலமாய், நீளமாய், எதையும் சோதிக்க வேண்டாதனவாய் அமையட்டும். இந்தப் புகழ்ச்சியையும் நீங்கள் நம்பப்போவதில்லை என்பது தெரியும். ஆகையால், உங்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னவரே தம் பத்து விரல்களும் முழுதாய் இருக்க, இதை முதலில் எழுதி, முதலில் கையெழுத்திட்டிருக்கிறார்.

துளசிராமன்
பூமிகா, பாக்கியராஜ், குணசுந்தரி
மற்றும் ஆய்வகப் பணியாளர்கள்