ஹால் டிவி

— பச்சை விளக்கு எரியுதா இல்லையா, அத மட்டும் சொல்லு.

— எரியுதுங்க. நேத்தும் எரிஞ்சுது. முந்தாநாளும் எரிஞ்சுது. அது பாவம், அதோட வேலைய ஒழுங்காத்தான் பாக்குது.

— விசிறி சுத்துற சத்தம் கேக்குதா?

— காத வச்சுக் கேட்டா கேக்குது. புத்தக அலமாரிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறேன். வெளிய வரலாமா?

— பொறு பொறு. சிம்பிள். அதாவது, பொட்டி அலமாரியில இருக்கு. டிவி ஹால்ல இருக்கு. நடுவுல ஒயரே கிடையாது, எல்லாம் வைஃபை. நான் போன்ல படத்தத் தொட்டா, பொட்டி அத எடுத்து டிவிக்கு அனுப்பணும். இதுல தப்பு நடக்க எங்க இடம் இருக்கு, சொல்லு?

— நீங்கதான் சொல்லணும். ஊர்ல இருக்குற லிஃப்ட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவரு.

— நக்கல் பண்ணாத. ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட்டையே ஆளுங்களோட பத்திரமா இறக்கியிருக்கேன். டிபன் டப்பா சைஸ்ல ஒரு கம்ப்யூட்டரு, ஒரு வாரமா எனக்குத் தண்ணி காட்டுது.

— ஒரு வாரமா நம்ம டிவியில தூசிதான் ஓடுது. கேபிளையும் வேணாம்னு நிறுத்திட்டீங்க.

— கேபிள் எதுக்கு? நம்ம கல்யாண வீடியோலேர்ந்து படம், பாட்டு, போட்டோ எல்லாத்தையும் இந்தப் பொட்டிக்குள்ள ஏத்தியாச்சு. இனிமே நம்ம வீட்டு தியேட்டருக்கு நாமதான் முதலாளி.

— முதலாளி இருக்காரு. டிக்கெட்டும் இருக்கு. படத்தத்தான் காணோம்.

— உன் போன்லயும் ஏத்திக் குடுத்தேனே, மத்தியானம் லேப்லேர்ந்து வந்ததும் நீ ஏதாவது தட்டிக்கிட்டிப் பாத்தியா?

— எனக்கு என்னங்க தெரியும்? கைய நீட்டச் சொல்லி ரத்தம் எடுக்கத் தெரியும். அதுக்குக் கையும் இல்ல, ரத்தமும் இல்ல.

— சரி, இங்க வா. இந்தப் போன்ல ‘எந்த டிவியில காட்டணும்’னு கேக்குது. கீழ என்ன போட்டிருக்கு? எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது.

— ‘ஹால் டிவி’ன்னு போட்டிருக்கு.

— அது ஒண்ணுதானே?

— நமக்கு ஹால் ஒண்ணுதானே இருக்கு.

— அப்ப அதையே தொடு. அதையேதான் தினமும் தொடச் சொல்றேன். தொட்டியா?

— தொட்டாச்சு.

— பாரு! கொட்ட எழுத்துல ‘ஓடுகிறது’ன்னு போன் சொல்லுது. டிவிய நிமிந்து பாரு, எண்ணெ வடியிற மாதிரி கறுப்பா உக்காந்திருக்கு. முடியாதும்மா, என்னால முடியாது. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் திருப்பி எடுத்துக்குவேன்னு கடைக்காரன் சொன்னான். அட்டப் பொட்டிய எடு. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுறேன்.

— ஐயோ, வேணாங்க!

— ஏன்?

— ஏன்னா... வாங்கிட்டு வந்த பொருள யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? ஆசையா வாங்கினீங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே.

— வாங்கிட்டு வந்த அன்னிக்கு ‘எதுக்கு இந்த டப்பா, மாவு போட்டு வைக்கவா’ன்னு கேட்டவ நீதானே?

— அன்னிக்குக் கேட்டேன். மனுஷிக்கு மனசு மாறக் கூடாதா?

— அப்ப கடைசியா ஒண்ணு பண்றேன். வைஃபையே வேணாம். பொட்டிய டிவிக்குப் பின்னாடி ஒட்டி, ஒரு ஒயர சொருகிடுறேன். படம் ஓடியே ஆகணும்.

— ஒயரா? சுவத்துல தொங்கினா அசிங்கமா இருக்குமே. நீங்கதானே ஒயரே கூடாதுன்னு சபதம் போட்டீங்க?

— என் சபதத்த எனக்கே எடுத்துச் சொல்றியா?

— உங்க சபதமெல்லாம் எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கு. எதிர் வீட்டு வாசப்படிய யாரும் மிதிக்கக் கூடாதுன்னு போட்டீங்களே, அதையும் சேத்துத்தான்.

— அந்தப் பேச்ச இப்ப எதுக்கு எடுக்குற?

— எதுக்கா? அக்கா கால ஒடச்சுக்கிட்டு நாள் முழுக்க ஒரே சோபாவுல கெடக்குறாங்க. நமக்கும் அவங்களுக்கும் நடுவுல ரெண்டு கதவு, ஒரு மிதியடி. நான் ஒரு எட்டு போய் ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேக்க முடியல. எனக்கு அழுகையா வருதுங்க. கூடப் பொறந்தவ மாதிரி பழகினவங்க.

— நான் அக்காவ ஒண்ணும் சொல்லலையே. அவங்க வீட்டுக்காரன் இருக்கானே, கண்ணாடிக்கடைக்காரன், அவனத்தான் சொன்னேன்.

— அவரு என்ன பெரிசா சொல்லிட்டாரு?

— என்ன சொல்லிட்டானா? அவன் போட்டுக் குடுத்த கண்ணாடிய மாட்டுனா தரை ஆடுதுடான்னு அவன் கடையிலேயே போய்ச் சொன்னேன். ‘தரை ஆடல, நீதான் ஆடுற’ன்னான். அத்தன பேரும் சிரிச்சாங்க. ஒரு சொட்டு இந்த வாயில பட்டிருக்குமா? லிஃப்ட்டுக் குழிக்கு மேல நின்னு வேல பாக்குறவன்டீ நான். இந்தப் பேச்சு என் கம்பெனிக்காரன் காதுல விழுந்தா என்னாகும்?

— ஒரு காதுலயும் விழல. நீங்க பதிலுக்கு ‘நீ கண்ணாடி விக்கிறியா, ஊஞ்சல் விக்கிறியா’ன்னு கத்துனதுதான் தெருக் கோடி வரைக்கும் விழுந்துது. அப்புறம் கண்ணாடிய பீரோவுல வச்சுப் பூட்டினீங்க. இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்க என்னக் கூப்பிடுறீங்க.

— படிக்க மாட்டேன்னா சொல்லிடு.

— படிக்கிறேங்க, படிக்கிறேன். உயிரு இருக்குற வரைக்கும் படிக்கிறேன்.

— சரி, ஒரே ஒரு தடவ. சத்தத்தக் கடைசி வரைக்கும் ஏத்திட்டு ஒண்ணு போட்டுப் பாக்குறேன். படம் வராட்டியும் சத்தமாவது வருதான்னு தெரியும். எங்க மேனேஜர் ரிட்டையர் ஆனப்ப நான் பாடி ஆடினேன்ல, அது எங்க?

— அதுவா? வேற ஏதாவது போடுங்களேன்.

— ஏன், நல்லாத்தானே இருக்கும்? இந்தா, நானே கண்டுபிடிச்சுட்டேன். செவப்புச் சட்டை தெரியுது. தொட்டுட்டேன். ‘ஓடுகிறது’. ம்ஹூம். படமும் இல்ல, சத்தமும் இல்ல.

— அவ்வளவுதான். நிறுத்திடுங்க.

— பொறு பொறு. பாட்டு கேக்குதே.

— எனக்குக் கேக்கல.

— என் குரலு எனக்குத் தெரியாதா? அந்த எடத்துல நான் மூச்சு வாங்குவேன். வாங்கிட்டேன், கேட்டியா? வெளிய கேக்குது. கதவத் தெறந்தா... அடிப்பாவி.

— என்னங்க?

— எதிர் வீட்டுக்குள்ளேர்ந்து வருதுடீ! நான் அங்க பாடிக்கிட்டு இருக்கேன்!

— மெதுவாப் பேசுங்க. கதவ மூடுங்க முதல்ல.

— அது எப்படி அங்க போச்சு? இரு. அதாவது, அவங்க குடிவந்தப்ப அந்த டிவிய மாட்டிக் குடுத்தது யாரு? நான்தான். அப்ப அவங்க வீட்ல இன்டர்நெட்டு வரல. ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்னு நம்ம வைஃபையில சேத்துவிட்டேன். அவன் அத மாத்தியிருக்க மாட்டான். அவனுக்கு ரிமோட்டுல சத்தம் ஏத்த எறக்கத்தான் தெரியும்.

— இருக்கும் இருக்கும்.

— பேரு கேட்டுச்சு. அதுக்கும் ‘ஹால் டிவி’ன்னே வச்சேன். ஹால்ல இருக்குற டிவிக்கு வேற என்ன பேரு வைக்கிறது? நல்லாப் பாரு, போன்ல ரெண்டு ஹால் டிவி இருக்கா?

— அட, ஆமாங்க. கீழ இன்னொண்ணு இருக்கு. பக்கத்துல பொடிசா ரெண்டுன்னு போட்டிருக்கு.

— இத்தன நாளா அது உன் கண்ணுல படலையா?

— ‘கீழ என்ன போட்டிருக்கு’ன்னு கேட்டீங்க, படிச்சுச் சொன்னேன். ‘ஒண்ணுதானே’ன்னு கேட்டீங்க, நமக்கு ஹால் ஒண்ணுதான்னேன்.

— போச்சு. மானம் கப்பலேறிப் போச்சு. அப்ப ஒரு வாரமா நான் போட்டதெல்லாம் அந்தக் கண்ணாடிக்காரன் வீட்லதான் ஓடியிருக்கு. என் டான்ஸு ஓடியிருக்கு. உன் வளைகாப்பு... ஐயோ, நான் தேம்பித் தேம்பி அழுத வீடியோவும் ஓடியிருக்கு!

— ஓடினா என்ன? நல்ல வீடியோதானே. நீங்க அழுதா அழகா இருப்பீங்க.

— யாரோ கதவத் தட்டுறாங்க. அவன்தான். நான் இல்லன்னு சொல்லு.

— இப்பதான் வீடு பூரா பாடி முடிச்சிருக்கீங்க, இல்லன்னு எப்படிச் சொல்றது? சட்டையப் போடுங்க. இதோ வர்றேன்... வாங்கண்ணே! வாங்க வாங்க, உள்ள வாங்க.

— லிஃப்ட்டு இருக்கானா தங்கச்சி? டேய், நான் கேக்குறேன், ஒரு மனுஷன் இடுப்ப இப்படியா ஆட்டுவான்?

— கண்ணாடி, இங்க பாரு, அது வந்து...

— நீ பேசாத. நான் பேசி முடிச்சுடுறேன். எங்க வீட்டுக்காரி மாடிப்படியில விழுந்ததுலேர்ந்து சிரிக்கவே இல்லடா. தன் காலப் பாப்பா, மேல மின்விசிறியப் பாப்பா, சொவத்தப் பாப்பா. ஒரு நாளு டிவி தானா உயிரு வந்து எந்திரிக்குது. பாத்தா, செவப்புச் சட்டையில நீ. அவ சிரிச்ச சிரிப்புல கட்டுப் போட்ட காலு கிடுகிடுன்னு ஆடுது. ‘சிரிக்காதடி, எலும்பு நவுந்துடும்’னு நான் ஓடிப்போய்க் கால புடிச்சுக்கிட்டேன்.

— அக்கா சிரிச்சாங்களாண்ணே?

— சிரிச்சாளா? இப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. ‘எத்தன தடவ பாத்தாலும் அந்த மூச்சு வாங்குற எடம் பிரமாதம்’கிறா.

— அதப் பாராட்டத்தான் வந்தியா?

— இல்லடா. நான் கேக்குறேன், படகு வீடியோவ எதுக்குத் திரும்பத் திரும்பப் போட்ட? நம்ம ரெண்டு குடும்பமும் ஏரிக்குப் போனது. நீ துடுப்பத் தண்ணியில விட்டுட்டு முழிக்கிற, நான் செருப்பக் கழட்டித் தண்ணியத் தள்ளுறேன். எத்தன தடவடா அதப் போட்ட!

— அது... பொட்டி வேல செய்யுதான்னு பாக்க.

— அதுக்கு அந்த வீடியோதான் கெடச்சுதா?

— பின்ன எத போடச் சொல்ற? அதுதான் எனக்குப் பிடிச்சது. இந்த வீட்ல நான் யாருகூட சண்ட போடுவேன், யாருகூட சீட்டாடுவேன்? எனக்கு உன்னத் தேடுதுடா, போதுமா?

— எனக்கும்தான்டா. கடைய மூடிட்டு மேல வரும்போதெல்லாம் உன் கதவுகிட்ட ஒரு நிமிஷம் நிப்பேன். தட்ட ரோஷம் விடல. அத்தன பேரு முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. விளையாட்டுன்னாலும் தப்புதான்.

— ஊஞ்சல்னு நான் சொன்னதும் அப்படித்தான். விடு.

— நாளைக்குக் கடைக்கு வா. அந்தக் கண்ணாடிய எடுத்துக்கிட்டு வா. படி ஏறி எறங்குறவனுக்கு வேற மாதிரி போடணும். அது எனக்கு முன்னாடியே உறைச்சிருக்கணும்.

— வர்றேன். அக்காகிட்ட சொல்லு, சாயங்காலம் ரெண்டு பேரும் வந்து பாக்குறோம்.

— சாயங்காலமா? இப்பவே வாங்கடா. அவ வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. உங்க ரெண்டு பேரையும் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொன்னா. கோவத்தையும் வச்சுக்கிட்டு, ஒருத்தி காலு ஒடிஞ்சு கெடக்குறாளேன்னு தினமும் படம் போட்டு விடுறான்னா, அவன் எப்பேர்ப்பட்ட மனுஷன்னு கண்ணு கலங்கிட்டா.

— நான் படம் போட்டு விட்டேனா?

— என்னங்க, அண்ணன் நின்னுக்கிட்டே இருக்காரு. முதல்ல உக்காரச் சொல்லுங்க.

— இரும்மா. கண்ணாடி, கிடைக்குதேன்னு நல்ல பேர வாங்கிக்கிட்டா நாளைக்கு எனக்குச் சோறு எறங்காது. நான் அக்காவுக்காக எதையும் போடல.

— என்னங்க, தண்ணி குடிக்கிறீங்களா? அண்ணே, நீங்க தண்ணி குடிங்க.

— நீ கொஞ்சம் சும்மா இரு, உண்மையச் சொல்லிடுறேன். எனக்குப் போன்ல எழுத்து கண்ணுக்குத் தெரியலடா. நான் என் வீட்டு டிவின்னு நெனச்சு உன் வீட்டு டிவியில போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். இப்பத்தான் எனக்கே தெரியும். எல்லாமே தப்பா வந்தது. இவளுக்கும் இதுல ஒண்ணும் தெரியாது.

— தப்பா வந்துதா?

— முழுக்க முழுக்கத் தப்பா வந்தது.

— நான் கேக்குறேன், நீ ஆடினது தப்பா வந்திருக்கலாம், படகு தப்பா வந்திருக்கலாம். தினமும் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்ற நேரத்துல, தங்கச்சி டிவி முழுக்க வந்து நின்னுக்கிட்டு, ‘அக்கா, மாத்திரை போட்டீங்களா, கால தலகாணி மேல தூக்கி வச்சுக்குங்க, இன்னிக்கு உங்களுக்கு சிரிப்புப் படம்’னு சொல்லிட்டுப் படத்தப் போடுறாளே, அதுவுமாடா தப்பா வருது?