இடப்பக்கம் திரும்பாத கார்களும் அக்லாயா அம்மையாரும்

ப்ராடெஷ்டி நகர் சிம்ப்ரு மோட்டார் ஆலையில் நாற்பது ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் முப்பத்தேழு ஆண்டுகள் வாடிக்கையாளர் கடிதப் பிரிவில் கழித்து, இன்று விடைபெறும் திருமதி அக்லாயா டும்ப்ராவா அவர்களுக்கு, பொருத்துக்கூடத் தோழர்கள் பணிவுடன் படித்தளிக்கும் மடல்.

எரிந்து எழுதியவர்க்கும் இன்சொல்லால் விடையிறுத்த ஏற்றமிகு பெருந்தகையே! நாற்காலி இருந்தும் நாளெல்லாம் நடந்தே தேய்ந்த நல்லுள்ளமே! காகிதத்தில் காரின் நோய் கண்டு, களத்தில் இறங்கிக் கைகறுக்க அதைத் தீர்த்த கலங்காத நெஞ்சமே! வணக்கம்.

மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்த மடல் இது. உங்களைப் பற்றி உங்களிடமே புகழ்ந்து பேசினால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். விழா தொடங்கிக் கால் மணி ஆகவில்லை, அதற்குள் இரண்டு முறை கடிகாரம் பார்த்துவிட்டீர்கள். ஆகவே உங்கள் கதையை இந்த அவையிடம் சொல்கிறோம். நீங்கள் வெறுமனே உட்கார்ந்து கேட்டால் போதும். அதுதான் உங்களுக்குக் கடினமான வேலை என்பதையும் அறிவோம். உண்மையில் எங்களுக்கும் இன்று இருப்புக் கொள்ளவில்லை. அதன் காரணம் கடைசியில் தெரியவரும்.

அவையோரே! எண்பத்து மூன்றாம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், அக்லாயா இங்கே வந்தபோது கொடுத்த வேலை கதவு விளிம்பில் ரப்பர் ஒட்டுவது. அந்தக் காலத்தில் சிம்ப்ரு கார் வாங்கப் பெயர் பதிந்துவிட்டு நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். பெயர் பதிந்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை, வண்டி வரும்போது முன்னிருக்கைக்குச் சண்டை போடும். வண்டியை எடுக்க வருகிறவர்கள் மாலையோடு வரமாட்டார்கள், ஸ்பானரோடு வருவார்கள். வாசலிலேயே எல்லாத் திருகுகளையும் ஒருமுறை முடுக்கிக்கொண்டுதான் புறப்படுவார்கள். மூன்று வருஷம் ரப்பர் ஒட்டிய பிறகு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அக்லாயாவைக் கடிதப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே செய்யவேண்டியது ஒன்றுதான்: 'தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அச்சடித்த அட்டையில் முகவரி எழுதுவது.

அட்டையில் முகவரி எழுதுவதற்கு முன் கடிதத்தைப் படித்துவிடும் கெட்ட பழக்கம் அக்லாயாவுக்கு இருந்தது. யாஷ் நகரத்துப் பல் வைத்தியர் எழுதியிருந்தார்: "ஹீட்டருக்கு ரெண்டே நிலைதான், கோடை, குளிர்காலம். அதை மாத்துறது நானில்ல, ஆண்டவன்." துல்ச்சாவில் தேனீ வளர்ப்பவர்: "பின் சீட்டைக் கழட்டிட்டு அஞ்சு தேன்பெட்டி ஏத்தினேன். இதுவரைக்கும் இந்த வண்டியில ஏறினவங்கள்ல புலம்பாம வந்தது தேனீங்க மட்டுந்தான்." இன்னொருவர்: "வண்டி வந்த அன்னிக்கு மச்சான் பொறாமையில சாப்பிடவே இல்ல. ஒரு மாசம் கழிச்சு அவனே வந்து, 'வாங்க, அவசரம்னா நான் கொண்டு விடறேன்'னு சைக்கிளைக் காட்டுறான்."

திட்டிய அத்தனை பேரும் கடைசி வரியில் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்: ஆனாலும் விற்க மாட்டேன். அக்லாயா அதைப் பிடித்துக்கொண்டார். "திட்டுறவன் கூட வாழறான்யா. விக்கப் போறவனுக்கு எழுத ஏது நேரம்?" என்பார். சனிக்கிழமைகளில் ரயில் ஏறி, எழுதியவர்களின் வீட்டுக்கே போய் வண்டியைப் பார்க்கத் தொடங்கினார். யாரும் அனுப்பவில்லை; யாரும் தடுக்கவும் இல்லை. திங்கட்கிழமை வந்து பொருத்துக்கூடத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தம்பி, அந்தக் கம்பியை இன்னும் ஒரு விரல் உள்ளே தள்ளு. துல்ச்சாவுல மழை அந்த வழியாத்தான் வருது" என்பார். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தொன்பதில் புரட்சி வந்தது. பொதுவுடைமை அரசு போயிற்று. காத்திருந்தவர்களின் வரிசையும் கரைந்தது. வெளிநாட்டுப் பழைய கார்கள் வெள்ளமாக வந்தபின் சிம்ப்ருவைச் சீண்ட ஆளில்லை. வாரம் விட்டு வாரம் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் அயல்நாட்டு முதலாளிகள் ஆலையை வாங்கினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து 'லுன்கா' என்ற மலிவு விலைக் கார் பிறந்தது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பம்பருக்கு வண்ணம் கிடையாது. ஆனால் ஒரு பள்ளி ஆசிரியர் புது வண்டி வாங்க முடிந்தது. மேற்கு நாட்டுக்காரன்கூடக் கேட்டு எழுதினான். முதல் கப்பலுக்கென்று நாலாயிரம் லுன்காக்கள் கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தில் வரிசைகட்டி நின்றன. எங்கள் பிள்ளைகள் பிழைப்பு தேடி நாட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கப்பல் எங்களுக்குக் கப்பல் மட்டுமல்ல.

இரண்டாயிரத்து ஆறு நவம்பரில், ஒரே வாரத்தில், மூன்று கடிதங்கள். மூன்றும் மலைப்பக்கத்திலிருந்து. காலையில் வண்டியை எடுத்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. பழுது பார்த்தவர்கள் ஒன்றும் இல்லை, ஓட்டத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்று கடிதங்களையும் மேசையில் பரப்பிவிட்டு அக்லாயா அன்று முழுக்க அறைக்குள் நடந்தார். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள், "மேல என்னம்மா, அணிவகுப்பா?" என்று கத்தினார்கள்.

இயக்குநர் ஓக்டாவ் ப்ரோடனிடம் போனார். ப்ரோடன் கெட்டவர் அல்லர், கப்பலை நினைத்து உறங்காமல் இருந்தவர்.

"மூணு கடிதத்துக்காக நாலாயிரம் வண்டிய நிறுத்தச் சொல்றீங்களா அம்மா?"

"நிறுத்தச் சொல்லலைங்க. பாக்கச் சொல்றேன்."

"பொறியாளர்கள் பாத்தாச்சு."

"அவங்க கதகதப்பான கொட்டகையில பாத்தாங்க."

"உங்க வேலை பதில் எழுதுறது. போய் எழுதுங்க."

அவர் எழுதவில்லை. டிசம்பர் முதல் வாரம், எண்பத்தெட்டில் செய்த தன் சொந்தச் சிம்ப்ருவை எடுத்துக்கொண்டு வாட்ரா டோர்னெய்க்கு அப்பாலுள்ள மலைக்கிராமத்துக்கு ஏறினார். மூன்று கடிதங்களில் ஒன்றை எழுதிய மினோதோரா அங்கே மருத்துவச்சி. ஒரு விடிகாலை பிரசவத்துக்குப் போகும்போது வளைவில் வண்டி திரும்பாமல் வைக்கோற்போரில் போய் முட்டியிருந்தது.

"வைக்கப்போர் இருந்ததால பிழைச்சேன்டி," என்றாள் மினோதோரா. "அதுக்குப் பின்னாடி ஆறு. உங்க ஆளுங்க என்னடான்னா எனக்கு ஓட்டத் தெரியலையாம். இருபது வருஷமா இந்தப் பனியில ஓட்டுறேன், வந்து பாருங்கடான்னுதான் எழுதினேன்."

அக்லாயா பனிமேல் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்டியரிங் தண்டின் இடப்பக்க முனையை மூடியிருந்த ரப்பர் உறையை விரலால் அழுத்தினார். மூன்று வருஷம் ரப்பரோடு கிடந்த கை அது. உறை கையில் மரம் மாதிரி இருந்தது. புதிதாக ஏதோ மலிவான ரப்பர். குளிரில் விறைத்து விளிம்பு பிளந்து, சேற்றுநீர் உள்ளே போய், இரவில் உறைந்துவிடுகிறது. ஓடி எஞ்சின் சூடேறியதும் உருகிவிடுகிறது. கொட்டகையில் பார்த்தால் எப்படித் தெரியும்? வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்ததாக மினோதோரா பிற்பாடு சொன்னாள். நாலாயிரம் வண்டி. நாலாயிரம் வீடு.

"உன் வண்டிய எனக்குக் கொடு. என்னுத நீ வச்சுக்கோ."

"உன் கிழட்டு வண்டி இந்த மலை ஏறுமா?"

"திட்டினா ஏறும்."

விடிந்ததும் வெந்நீர் ஊற்றி ஸ்டியரிங்கை இளக்கிக்கொண்டு, நடுவில் எங்கும் எஞ்சினை அணைக்காமல், பத்து மணி நேரம் ஓட்டி வந்தார். ஆலை வாசலுக்கு எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, முதல் ஷிப்ட் ஆட்கள் உள்ளே நுழையும் நேரம், இயக்குநரின் வழியை மறித்து நின்றார்.

"ஐயா, இந்த வண்டிய வாசலுக்குள்ள கொண்டு வந்துடுங்க. அவ்வளவுதான். அப்புறம் நான் வாயத் திறக்கல."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ப்ரோடன் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். நடை வேகத்தில் கிளப்பினார். வாசலுக்குள் நுழைய இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் தோள் இரண்டும் உயர்ந்ததைப் பார்த்தோம். கழுத்துப்பட்டை அவிழ்ந்து விழுந்தது. வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போய், கல்லில் செதுக்கிய ஆலையின் காட்டெருமைச் சின்னத்தின் முன்னால் குவிந்திருந்த பனியில் மூக்கை நுழைத்து நின்றது. யாரோ சிரித்தார்கள். ப்ரோடன் இறங்கி வந்தபோது சிரிப்பு அடங்கிப் போயிருந்தது. அவர் உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார்.

இதுவரை சொன்னது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. இனிமேல் சொல்லப்போவதை நாங்கள் எங்கள் வாயால் இதற்குமுன் சொன்னதில்லை.

கப்பல் ஜனவரி ஐந்தாம் தேதி. அதற்குள் நாலாயிரம் வண்டிகளிலும் உறை மாற்றியாக வேண்டும். டிசம்பர் பதினெட்டாம் தேதி எங்களில் நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பேருந்துகளில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். வீடுகளில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பன்றி அடிக்கும் நாள் நெருங்கியிருந்தது. இப்போது இந்த மடலைப் படித்துக்கொண்டிருக்கும் ஃபானேயின் மகள் நான்கு வருஷம் கழித்து ஸ்பெயினிலிருந்து வந்திருந்தாள். ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு. அப்பாவைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். கப்பல் போகாமலிருந்தால் ஆலையே இல்லை, திரும்பாத வண்டி போயிருந்தால் அதைவிடக் கேடு. இதெல்லாம் மூளைக்குத் தெரிந்தது. கடற்காற்றில் மரத்துப்போன விரல்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பண்டிகையைத் தின்றது மூன்று கடிதங்கள் என்றும், அவற்றைப் படித்தது ஒரு பெண் என்றும் மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

இரண்டாம் நாள் அக்லாயா அங்கே வந்து நின்றார். யாரும் அனுப்பவில்லை.

"கடித மகாராணி வந்துட்டாங்கடா," என்றான் ஃபானே. "படுக்க மெத்தை போடட்டுமா?"

"அட்டை போதும். அந்த ஸ்பானரக் கொடு."

நாற்பத்தைந்து வயதில், வண்டிக்கு அடியில் மல்லாந்து, ஒரு நாளுக்கு நான்கு வண்டி முடித்தார். எங்களில் யாரும் மூன்றைத் தாண்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை கொட்டகையில் எல்லோரும் முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த இறைச்சியைப் பகிர்ந்து சாப்பிட்டோம். அவர் தட்டோடு வந்து ஒரு நிமிஷம் நின்றார். பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. வெளியே போய், ஒரு வண்டியின் முன்மூடிமேல் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டார்.

கப்பல் போயிற்று. எந்த ஊரிலும் எந்த வண்டியும் இடப்பக்கம் திரும்ப மறுத்ததாகக் கடிதம் வரவில்லை. மினோதோரா மட்டும், "இப்ப நல்லாத் திரும்புது. ஹார்ன்தான் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது, அதையும் வந்து பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

பிப்ரவரியில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போனது. அக்லாயா டும்ப்ராவாவை ஆலையை விட்டு நீக்க வேண்டும், அவர் எங்கள் குடும்பங்களுக்குக் கேடு செய்தவர் என்று. கீழே 'தொழிலாளர்கள்' என்று மட்டும் இருந்தது. ஆலைக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் முதலில் பிரிப்பது யார் என்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

அவர் அதைப் பிரித்தார். படித்தார். எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினார். ஒரு சொல்லும் குறையாமல் இயக்குநரின் மேசைக்கு அனுப்பினார்.

ப்ரோடன் கூப்பிட்டுக் கேட்டார்: "கையெழுத்து யாருதுன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க."

"சொல்லுங்க, அவனை இன்னிக்கே வெளிய அனுப்புறேன்."

"கடிதத்துல பேர் இல்லைங்களே. பேர் போடாதவங்களுக்கு நான் பேர் வைக்கிறதில்ல."

மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவர் கையால் எழுதிய பதில் தொங்கியது: 'உங்கள் கடிதம் கிடைத்தது. பண்டிகை போனது உண்மை. அதைத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை. வருந்துகிறேன். அ. டும்ப்ராவா.' அதைப் படித்துவிட்டு நாங்கள் பேசாமல் வேலைக்குப் போனோம். பதினாறு ஆண்டுகளாக அதைப் பற்றிப் பேசாமலே இருந்தோம்.

இயக்குநர் அறையில் நடந்த அந்தப் பேச்சைப் ப்ரோடன் சென்ற கோடையில்தான், தம் ஓய்வுக்குப் பிறகு, ஃபானேயிடம் சொன்னார். அன்று ஃபானே வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டான். கடிதத்தை எழுதிய கை அவனுடையது. எழுதச் சொல்லிச் சூழ்ந்து நின்ற வாய்கள் எங்களுடையவை.

அம்மையீர்! பாராட்ட வந்த மடல் பாரத்தை இறக்கிவைக்க வந்த மடலாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும். இன்று சாலையில் ஓடும் லட்சக்கணக்கான லுன்காக்களில் ஒவ்வொன்றும் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்புகிறதென்றால், அது நீங்கள் எங்களுக்காகச் சுமந்த பழியின் பலன். நீங்கள் நோயின்றி, நொடியின்றி, நடந்த காலுக்கு ஓய்வும் நினைத்த ஊருக்கு ரயிலும் வாய்க்கப்பெற்று, நூறாண்டு வாழ்க! உங்கள் பெயர் இந்தக் கூடத்தில் இரும்பு உள்ளவரை நிலைக்க!

விழா முடிந்ததும் முட்டைக்கோஸ் பொதியும் சோளக்களியும் பரிமாறுகிறோம். பெஞ்சில் நடுவில் இடம் விட்டிருக்கிறோம். உங்கள் ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, பார்த்துவிட்டோம்.

இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியவர்கள், இம்முறை பெயரோடு:

ஃபானே முன்தியானு
கொர்நெல் ஸாவு
பெத்ரிக்கா இலிங்கா
ஸ்டெலியானா உங்குர்
மற்றும் மறுபக்கத்தில் கையொப்பமிட்டுள்ள தொண்ணூற்று நான்கு பேர்

ப்ராடெஷ்டி